கம்பளிக்கு ஒரு டவரா

போன மாதம் ஒரு புதன்கிழமை, ஆபீஸில் என் ஸீட்டுக்கு அடியில் ஒரு அரிசி மூட்டை இருந்தது. உள்ளே அரிசி இல்லை. பதினோரு மணி வாக்கில் மூட்டை மெல்ல வாசனை விட ஆரம்பித்தது. பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து செக்‌ஷன் கைக்குட்டையை எடுத்தது. லஞ்சுக்குள் இரண்டு வதந்திகள். ஒன்று, ஃபைல் ரேக்குக்குப் பின்னால் எலி செத்துக் கிடக்கிறது. இரண்டு, நான் பெட்டிங் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வந்துவிட்டேன்.

மானேஜர் நேரிலேயே வந்து குனிந்து பார்த்தார்.

"என்ன ஸார் இது?"

"ஆடு ஸார்... அதாவது, ஆட்டோட மேல் பாகம் மட்டும்."

விஷயம் இதுதான். நான் நூல் நூற்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். பஞ்சில் இல்லை, ஆட்டு ரோமத்தில். (ரோமம் என்று கௌரவமாகவே எழுதுகிறேன். ஆடு மேய்க்கிறவர்கள் சொல்கிற அசல் வார்த்தையை எழுதினால் எடிட்டர் சிவப்பு மையில் அடித்துவிடுவார்.)

இந்த வயசில் எதற்கு இந்த வேலை என்று என் சகதர்மிணியும் கேட்டாள். டாக்டர் "சாயங்காலம் செல்போனைக் கீழே வையுங்க, கைக்கு வேற வேலை குடுங்க" என்றார். ஒருவர் வீணை கற்றுக்கொள்ளலாம், இன்னொருவர் சீட்டாடலாம். எனக்கு ஞாபகம் வந்தது தக்ளி.

நாற்பதைத் தாண்டிய வாசகர்களுக்குத் தக்ளி தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காக: ஒரு மெல்லிய கம்பி, அதன் கீழே காலணா சைஸில் ஒரு பித்தளை வட்டு. எழுபதுகளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் பீரியட் என்று ஒன்று உண்டு. ஆளுக்கொரு பஞ்சுப் பட்டையும் தக்ளியும் கொடுத்து உட்கார வைப்பார்கள். காந்தி சொன்ன ஆதாரக் கல்வியின் மிச்சம் மீதி. நான் நூற்ற நூலைத் தூக்கிப் பார்த்து ஸார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டேய், இது நூல் இல்லைடா, எலியை முழுங்கின பாம்பு."

அந்தப் பாம்பை நாற்பத்தைந்து வருஷம் கழித்து மறுபடி பிடித்திருக்கிறேன்.

ஆட்டு ரோமத்துக்குத் தக்ளி லாயக்கில்லை, ரொம்ப லேசு. கொஞ்சம் கனமான கதிர் வேண்டும். ஒரு பழைய சி.டி.யின் ஓட்டையில் மரக்குச்சியைச் சொருகி, நுனியில் ஒரு கொக்கி மாட்டினேன். கதிர் தயார். ரோமத்தைச் சிக்கெடுக்க முள் பிரஷ் வேண்டும் என்றார்கள். கிடைக்கவில்லை. நாய்க்கு வாருகிற பிரஷ் இரண்டு வாங்கினேன். வீட்டில் நாய் கிடையாது. கடைக்காரர், "என்ன ப்ரீட் ஸார்?" என்றார். "மெரினோ" என்றேன். "அல்சேஷன் மாதிரியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சரக்கு. என்னிடம் மூன்று விதமான ரோமம் சேர்ந்தது. முதலாவது, மெல்போர்னிலிருந்து மச்சினன் மகன் கொண்டுவந்த மெரினோ. மில்லிலேயே கழுவி, சீவி, பஞ்சு மிட்டாய் மாதிரி சுருட்டியது. இரண்டாவது, ஊட்டிக்குப் போனபோது அங்கே நாலைந்து ஆடு வளர்க்கும் சிநேகிதரிடம் வாங்கியது. நீலகிரி ஆட்டு ரோமம். மூன்றாவதுதான் மேற்படி மூட்டை. பக்கத்து ஸீட் நண்பர் பெரம்பலூர்க்காரர், லீவில் ஊருக்குப் போனபோது கொண்டுவந்தார். கருங்குரும்பை என்று உடம்பெல்லாம் கருப்பான ஒரு செம்மறி, அதனுடையது. எவ்வளவு காசு கொடுத்தீர்கள் என்றேன். "காசா? எடுத்துட்டுப் போனாப் போதும்னு சாக்கையும் சேர்த்துக் குடுத்தாங்க ஸார்" என்றார்.

முதலில் கழுவல் படலம். நீலகிரி ரோமத்தை பக்கெட்டில் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, சோப்புப் பவுடர் போட்டு, கரண்டிக் காம்பால் பதினைந்து நிமிஷம் உற்சாகமாகக் கலக்கினேன். வெளியே எடுத்தால் ரோமம் இல்லை. தடிமனாக, அடை மாதிரி ஒரு வஸ்து வந்தது. கத்திரிக்கோலுக்கும் மசியவில்லை. என் சகதர்மிணி இப்போது அதை வைத்துத்தான் குக்கரை இறக்குகிறாள்.

நடந்தது இது. ஆட்டு ரோமம் ஒவ்வொன்றின் மேலும், மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகச் செதில்கள் இருக்கின்றன. வெந்நீரும் சோப்பும் பட்டால் இழை நெகிழ்ந்து, உரசும்போது செதிலும் செதிலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கிறது. ஒரு தடவை கவ்வினால் விடாது. உங்கள் நல்ல ஸ்வெட்டர் வாஷிங் மெஷினிலிருந்து குழந்தை ஸ்வெட்டராக வெளியே வருவதும் இதனால்தான்.

அப்படியானால் மழையில் நனைகிற ஆடு ஏன் சுருங்குவதில்லை? (இதைக் கேட்டது பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பையன். அரை மணி நேரம் யோசித்தேன்.) ஒன்று, யாரும் ஆட்டைக் கரண்டியால் கலக்குவதில்லை. இரண்டு, ஆட்டின் மேல் இருக்கும்வரை செதில்கள் எல்லாம் வேரிலிருந்து நுனியை நோக்கி ஒரே பக்கமாகப் படிந்திருக்கின்றன. மூன்று, ஆட்டின் தோலில் ஊறுகிற லானோலின் என்கிற மெழுகு. நம்ம வீட்டு அம்மணிகள் உதட்டுக்கும் பாதத்துக்கும் தடவுகிற க்ரீம்களில் இருக்கிறதே, அதுதான். தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. ஆகவே ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது அநாவசியம்.

இரண்டாம் தடவை புத்தியாகச் செய்தேன். வெந்நீரில் ஊறப்போட்டுக் கை வைக்காமல் விட்டுவிட வேண்டும். மெழுகு தானாகக் கரைந்து இறங்கும். வேலை செய்யாமல் இருப்பதே வேலை. ஆபீஸ் அனுபவம் கை கொடுத்தது.

நூற்பது எப்படி? கொக்கியில் ஒரு நூலைக் கட்டி, அதன் நுனியில் ரோமத்தைச் சேர்த்து, கதிரை வலப்பக்கமாகச் சுண்டித் தொங்கவிட வேண்டும். அது சுற்றச் சுற்ற முறுக்கு மேலே ஏறி வரும். ஏறுவதற்குள் ஒரு கை ரோமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முறுக்கு குறைந்தால் நூல் அறுந்து, சி.டி. கால் கட்டை விரலில் விழும். முறுக்கு அதிகமானால் நூல் தானே சுருட்டிக்கொண்டு, தின்கிற முறுக்கு மாதிரி ஆகிவிடும். இரண்டு நூலைச் சேர்த்து இடப்பக்கமாக எதிர் முறுக்குக் கொடுத்தால் கோபம் தணிந்து இரட்டைப் புரி நூலாகச் சாதுவாகிறது.

மெரினோவில்தான் முதலில் ஆரம்பித்தேன். விலை உயர்ந்ததாயிற்றே, சுலபமாக வரும் என்று நினைப்பு. மெரினோ இழை நம் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. சுமார் 20 மைக்ரான். கையில் வைத்தால் வைத்ததே தெரியவில்லை. அதுதான் கஷ்டம். எவ்வளவு இழுக்கிறோம் என்று விரலுக்குச் சேதி வருவதற்குள் நழுவிப் போய்விடுகிறது. பெரிய இடத்துச் சம்பந்தம் மாதிரி ரொம்ப மெத்தென்று பேசும், பிடி கொடுக்காது. ஒரு மணி நேரத்தில் சி.டி. இருபத்திரண்டு தடவை விழுந்தது. கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

மெரினோவுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. அந்த ஆட்டுக்கு ரோமம் தானாக உதிராது. ஸ்காட்லாந்துப் பக்கத்து சோவே மாதிரிப் பழைய இன ஆடுகளுக்கு வெயில் காலம் வந்தால் தானே உதிரும். கையாலேயே பிடுங்கி எடுத்துவிடலாம். மெரினோவை மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, வளர்ந்துகொண்டே இருக்கும்படி பண்ணிவிட்டான். நியூஸிலாந்தில் ஷ்ரெக் என்று ஒரு மெரினோ கிடா. ரோமம் வெட்டுகிறவர்களுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு ஆறு வருஷம் குகையில் ஒளிந்திருந்தது. 2004-ல் பிடித்தார்கள். டி.வி.யில் நேரடி ஒளிபரப்பில் வெட்டினால், 27 கிலோ! பிறகு அது பாராளுமன்றத்துக்குப் போய்ப் பிரதமரைப் பார்த்தது. ஆறு வருஷம் ஆடிட்டுக்கு டிமிக்கி கொடுத்தால் நமக்கு இப்படி ஒரு மரியாதை நடக்குமா?

அடுத்து நீலகிரி. இந்த ஆடு பாதி நம்மூர், பாதி சீமை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலையேறிய வெள்ளைக்காரர்கள் குளிருக்குக் கம்பளி வேண்டுமென்று, கோயம்புத்தூர்ச் செம்மறியோடு டாஸ்மேனியா மெரினோ, ஷெவியட், சவுத்டவுன் கிடாக்களைச் சேர்த்ததில் பிறந்த இனம். வெள்ளைக்காரன் போய்விட்டான், ஆடு நின்றுவிட்டது. சுமார் 27 மைக்ரான். நூற்க இதைப் போல் சுகம் கிடையாது. இழைக்கு இழை கை கோத்துக்கொண்டு வரும். எங்கே நிறுத்தினாலும் நிற்கும், எங்கே விட்டாலும் தொடரும். அன்றைக்கு மட்டும் நாற்பது மீட்டர் நூற்றேன். பாம்பு இருந்தது, ஆனால் எலிகள் சின்னதாகிவிட்டன. இந்த ஆடு இன்றைக்குக் கொஞ்சமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது, அங்கே வைத்து வளர்க்கிறார்கள். ஊட்டியில் நாம் வாங்குகிற மங்கி குல்லாய்க்கும் இந்த ஆட்டுக்கும் பெரும்பாலும் ஒரு சம்பந்தமும் இல்லை. லேபிளைப் பாருங்கள், அக்ரிலிக் என்று போட்டிருக்கும். அதாவது பெட்ரோலியம்.

கடைசியில் மூட்டையைப் பிரித்தேன்.

கருங்குரும்பை ரோமத்தில் எண்ணெய்ப் பசை குறைவு, மண் அதிகம். மூன்று தண்ணீரும் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. காய்ந்ததும் தொட்டால் தேங்காய் நாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. சுருள் கிடையாது. இழைக்கு இழை பிடிப்பு கிடையாது. அங்கங்கே கம்பி மாதிரி முரட்டு ரோமம். நூற்கும்போது இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு, மூன்று நாள் ஷேவ் பண்ணாத தாடை போல நிற்கிறது. விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது.

கம்பளி ஏன் குத்துகிறது என்று ஆராய்ச்சியே பண்ணியிருக்கிறார்கள். 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகள் நூற்றுக்கு ஐந்து இருந்தாலே போதும், தோலுக்குக் குத்தல் தெரியும். மெல்லிசு இழை தோலில் பட்டால் வளைந்து கொடுக்கும். தடித்தது வளையாமல் குத்தும். அவ்வளவுதான், அலர்ஜி கிலர்ஜி எதுவும் இல்லை. அந்தக் கணக்கில் என் மூட்டை ஃபெயில். 'தரம் குறைந்த ரோமம்' என்றுதான் புஸ்தகத்தில் போட்டிருக்கும்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏழாவது மீட்டரில், சூடான ரேடியேட்டருக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கு வைத்தது போல் அந்த வாசனை மூக்கில் ஏறுகிறவரைக்கும்.

அது எங்கள் அப்பாவின் வாசனை.

அப்பா ரயில்வேயில் கேட் கீப்பர். அரியலூர்ப் பக்கம், ஊருக்கு வெளியே ஒரு லெவல் கிராஸிங். நைட் டூட்டிக்கு அவர் எடுத்துப் போனது நாலு சாமான்: லாந்தர், இரண்டு கொடி, ஒரு கருப்புக் கம்பளி. சந்தையில் வாங்கியது. மழை வந்தால் கொங்காணி போட்டுக்கொள்வார். தரையில் விரித்தால் பாய். ஜன்னலில் மாட்டினால் கதவு. கரி எஞ்சின் காலத்தில் நெருப்புப் பொறி வந்து விழுந்தால் அந்த இடம் கருகி நின்றுவிடும், தீப்பிடிக்காது. ஆட்டு ரோமத்தின் குணம் அது. உருகி ஒட்டவும் ஒட்டாது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலும் போர்த்தியிருப்பவனுக்கு நனைந்ததாகத் தோன்றாது. முரட்டு ரோமமாக இருப்பதால் தண்ணீர் மேலோடு வழிந்தும் போய்விடும். இதே கம்பளியை மெரினோவில் நெய்திருந்தால் ஒரு ஐப்பசி தாங்கியிருக்காது. மழையில் ஆட்டுக்குப் பின்னால் போகிறவன், தனக்கு வேண்டியதைத் தன் ஆட்டிடமிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறான். கர்நாடகத்தில் குருபர்கள், தெலங்கானாவில் குருமர்கள், பெண்கள் நூற்று, ஆண்கள் நெய்து, பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டுச் செய்கிற கம்பளியும் இதே ஜாதிதான். குத்தும். கழுத்தில் போட்டுக்கொண்டு ரிசப்ஷனுக்குப் போகத்தான் முடியாது.

1992 ஜனவரியில் என் முதல் சம்பளம். அப்பாவுக்குப் புலி படம் போட்ட மில் போர்வை ஒன்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். வழவழவென்று இருக்கும். அப்பா தடவிப் பார்த்து "ஜோரா இருக்கு" என்றார். மறுநாள் காலை பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் தெருவில் வந்தார். கருப்புக் கம்பளியைக் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுக்கு ஒண்ணும் வராது தம்பி" என்றார். நான் விடவில்லை. கால் மணி நேரம் பேரம் பேசி ஒரு எவர்சில்வர் டவரா வாங்கினேன். டம்ளர் கிடையாது, டவரா மட்டும். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி புலியை நாலாக மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். அப்புறம் பதினோரு வருஷம் இருந்தார், ஒரு நாள்கூடப் போர்த்தி நான் பார்த்ததில்லை.

இப்போது கணக்கு போட்டுப் பார்த்தேன். (ஆபீஸ் புத்தி.) அந்தக் கம்பளி இரண்டரைக் கிலோவாவது இருக்கும். இந்த ஆடுகள் வருஷத்துக்குக் கொடுக்கிற ரோமம் ஒரு கிலோவுக்குள்தான். அதில் மண் போக மிச்சம். ஆகக் குறைந்தது மூன்று நாலு ஆட்டின் ஒரு வருஷத்து ரோமம். என் வேகம் மணிக்குப் பத்து கிராம். அப்படியானால் நூற்க மட்டும் 250 மணி நேரம். கை தேர்ந்த ஒரு பாட்டி என்னைவிட நாலு மடங்கு வேகம் என்று வைத்துக்கொண்டாலும் அறுபது மணி நேரத்துக்கு மேல். எட்டு நாள் ஆபீஸ். அதிலும் காபி பிரேக், அரட்டை, கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் கழித்த எட்டு நாள்! கழுவியதும் கொட்டியதும் நெய்ததும் தனி. அத்தனையும் சேர்த்து ஒரு டவரா.

பெரம்பலூர் நண்பரிடம், இன்னொரு மூட்டை கிடைக்குமா என்றேன். "கிடைக்கும் ஸார். சீக்கிரம் வாங்கிக்குங்க. ரோமத்துக்கு விலை இல்ல, வெட்டுற கூலிகூடக் கட்டல. கறிக்கு நல்லா வளர்ற ஆடா மாத்திட்டு இருக்காங்க" என்றார். தக்காணம் பூராவும் இதே கதைதான். தக்காணி ஆட்டோடு ரோமமில்லாத நெல்லூர் மாதிரி ஆடுகளைச் சேர்த்துச் சேர்த்து, கம்பளி ஆடு குறைந்துகொண்டு வருகிறது. மேய்க்கிறவனைக் குற்றம் சொல்ல முடியாது. நானே ஒரு டவராவுக்குக் கொடுத்தவன்.

ஞாயிற்றுக்கிழமை, நூற்றதில் தேறிய பதினோரு மீட்டர் கருப்பு நூலை அம்மா கையில் கொடுத்தேன். அம்மாவுக்கு எண்பத்திரண்டு, பார்வை மந்தம். விரலால் உருட்டிப் பார்த்தாள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரிலேர்ந்து உன்னை அந்தக் கம்பளிலதான் சுத்தி எடுத்துட்டு வந்தார் உங்கப்பா. நல்ல மழை" என்றாள்.

"பச்சைக் குழந்தைக்குக் குத்தியிருக்குமேம்மா?"

"குத்தாம? அதான் ராத்திரி பூரா கத்தினே."

அம்மாவின் காபி வந்தது. அதே டவராவில்தான். வீட்டில் எத்தனையோ பாத்திரம் மாறிவிட்டது, அது மட்டும் போகவில்லை. சுடுகிறது என்று கீழே வைத்துவிட்டு, என் நூலை எடுத்து டவராவின் விளிம்புக்குக் கீழே நிதானமாக ஒவ்வொரு சுற்றாகச் சுற்ற ஆரம்பித்தாள். பதினோரு மீட்டரும் தீர்ந்தது. முடிச்சுப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

"காபில ரோமம் விழுந்தா என்னைக் கேக்காதீங்க" என்று உள்ளேயிருந்து என் சகதர்மிணி குரல் கொடுத்தாள்.